கோபால்ட் தாதுவும் காங்கோ நாடும்: சுரங்கத் தொழிலில் நாடுகளின் கூட்டுப் பொறுப்பு

காங்கோ ஆறு அட்லாண்டிக் மாகடலை அடைவதற்கு முன்னர், இங்கா என்னுமிடத்தில் குறுகிய தொலைவிற்குள் ஏறத்தாழ 100 மீட்டர் கீழே இறங்குகின்றது. நீர்ப்பெருக்கில் அமேசானுக்கு அடுத்த நிலையிலுள்ள இவ்வாற்றின் அவ்விறக்கம், நீர்மின் உற்பத்திக்கு உலகில் வேறெங்கும் எளிதில் கிட்டாத வாய்ப்பாகும். 1972-ஆம் ஆண்டில் ஒன்றும் 1982-ஆம் ஆண்டில் மற்றொன்றுமாக இரண்டு மின்நிலையங்கள் அங்கு அமைக்கப்பட்டன. அங்கிருந்து நாட்டின் தென்கிழக்குக் கோடியிலுள்ள கொல்வேசி நகரம் வரையில், ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீளத்திற்கு உயர் அழுத்த மின்தொடர் ஒன்று காடுகளையும் புல்வெளிகளையும் கடந்து செல்கின்றது. கட்டப்பட்ட காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர் அதுவே. கட்டாங்காப் பகுதியின் செம்புச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் மின்சாரம் கொண்டு செல்வதே அதன் நோக்கம்.

அத்தொடர் கடந்து செல்லும் சிற்றூர்களிற் பெரும்பாலானவை இன்றும் இருளில் உள்ளன. அதற்குரிய காரணங்களுள் ஒன்றை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே விளக்கலாம். அக்கம்பிகளில் ஓடுவது நேர்மின்னோட்டம். மாறுமின்னோட்டமாயின், வழியில் வேண்டிய இடத்தில் மின்மாற்றி ஒன்றை வைத்து அழுத்தத்தைக் குறைத்து ஊருக்கு மின்சாரம் வழங்கிவிடலாம். நேர்மின்னோட்டத்தில் மின்மாற்றி வேலை செய்யாது. நெடுந்தொலைவிற்கு மின்சாரத்தைக் குறைந்த இழப்புடன் கொண்டு செல்ல அது ஏற்றதாயினும், இடையில் ஒரு கிளை பிரிப்பதற்குப் பெருஞ்செலவில் ஒரு மாற்று நிலையமே கட்டவேண்டும். மற்றொரு காரணம் பௌதிக நூலில் இல்லை. திட்டம் வகுத்தவர்களின் கணக்கில் சுரங்கம் இருந்தது. சிற்றூர் இடம் பெறவில்லை. காங்கோ மக்களில் ஐவருள் ஒருவருக்கே இன்று மின்வசதி உண்டு.

அந்த மின்தொடர் சென்று முடியும் கொல்வேசியைச் சுற்றியுள்ள நிலத்திலிருந்துதான், நிலக்கரியையும் பெட்ரோலையும் விட்டு மின்சார வண்டிகளுக்கு மாற விரும்பும் உலகிற்கு வேண்டிய கோபால்ட் பெரும்பகுதி வருகின்றது. 2024-ஆம் ஆண்டில் உலகச் சுரங்கங்களில் எடுக்கப்பட்ட கோபால்ட்டில் நான்கில் மூன்று பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசைச் சேர்ந்தது. ஓர் உலோகத்திற்கு ஒரே நாட்டை உலகம் இவ்வளவு நம்பியிருப்பது அரிது. ஆகவே அந்நாட்டுச் சுரங்கங்களில் நடப்பது அந்நாட்டின் தனிக்காரியமாக நின்றுவிடவில்லை. பல நாடுகள் கூடி விதிகள் வகுத்துள்ளன. அவ்விதிகள் எங்கே பயன்பட்டன, எங்கே தவறின என்பதைக் காண்போம்.

உலோகத்தின் இயல்பு

இடைக்காலத்து ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர், வெள்ளியைப் போலவும் செம்பைப் போலவும் தோற்றமளித்த ஒருவகைக் கல்லை உலையிலிட்டபோது, எதிர்பார்த்த உலோகம் கிடைக்காமல் நஞ்சுப்புகையே எழுந்தது. மலையில் வாழும் குட்டிச்சாத்தானின் வேலை இது என எண்ணி, அதன் பெயரான 'கோபோல்ட்' என்பதையே அக்கல்லுக்கு இட்டனர். புகையின் நஞ்சு தாதுவுடன் கலந்திருந்த ஆர்சனிக்கினால் வந்தது. 1735-ஆம் ஆண்டையொட்டி ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் கேயார்க் பிராண்ட் அதிலுள்ள புதிய உலோகத்தைப் பிரித்தறிந்தார். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நீலநிறம் தரும் பொருளாகவே அது நெடுங்காலம் பயன்பட்டது. பின்னர் உயர் வெப்பத்தைத் தாங்கும் உலோகக் கலவைகளிலும் காந்தங்களிலும் இடம் பெற்றது.

1980-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் ஜான் குடினஃப் குழுவினர், லித்தியமும் கோபால்ட்டும் பிராணவாயுவும் சேர்ந்த ஒரு சேர்மம் சேமிப்பு மின்கலத்தின் (பாட்டரியின்) நேர்முனைக்குச் சிறந்ததெனக் கண்டனர். அச்சேர்மம் அடுக்கடுக்கான அமைப்புடையது. அடுக்குகளுக்கிடையே லித்தியம் அயனிகள் புகுந்தும் வெளியேறியும் மின்சாரத்தைத் தேக்கி வழங்குகின்றன. கோபால்ட் அவ்வடுக்குகள் குலையாமல் காக்கின்றது. 1991-ஆம் ஆண்டில் அம்மின்கலம் கடைக்கு வந்தது. கைப்பேசி ஒன்றில் இருக்கும் கோபால்ட் சில கிராம். நிக்கலும் மாங்கனீசும் கலந்த மின்கலமுடைய மின்சார மோட்டார் வண்டி ஒன்றில் அது பல கிலோவாகும். வண்டிகள் இலட்சக்கணக்கில் பெருகியபோது தேவையும் அவ்வாறே பெருகியது.

இவ்வுலோகத்தைப் பற்றி மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. மொராக்கோ நாட்டின் பூ-அசர் போன்ற ஓரிரு இடங்களைத் தவிர, கோபால்ட்டிற்கென்றே எவரும் பெருஞ்சுரங்கம் தோண்டுவதில்லை. செம்பை அல்லது நிக்கலை எடுக்கும்போது அது உடன் கிடைக்கின்றது. கட்டாங்காவின் பெருஞ்சுரங்கத் தாதுவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு செம்பும், ஒரு பங்கிற்கும் குறைவாகக் கோபால்ட்டும் இருக்கும். ஆதலின் கோபால்ட்டின் விலை வீழ்ந்தாலும், செம்பின் விலை நன்றாயிருப்பின் கோபால்ட் வந்துகொண்டே இருக்கும். அதை மட்டும் நம்பிப் பிழைப்பவனுக்கோ விலைவீழ்ச்சி நேரடி அடியாகும். அத்தகையோர் அங்கு இலட்சத்திற்கு மேற்பட்டு உள்ளனர்.

கையால் தோண்டுவோர்

கட்டாங்காவின் செம்பு-கோபால்ட் பாறைகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற நீர்ப்பரப்பில் படிந்த படிவுகள். மடிந்து எழும்பிய அவற்றின் மேற்பகுதியில் மழைநீரும் காற்றும் நெடுங்காலம் தாக்கியதனால், கோபால்ட் கருநிறமான ஹெட்டரோஜெனைட் என்னும் கனியமாக மேற்பரப்பின் அருகிலேயே செறிந்துள்ளது. பச்சைநிற மாலக்கைட் அருகிருந்தால், அனுபவமுள்ளவன் கண்ணாலேயே இனம் கண்டுகொள்வான். ஆழ்ந்த சுரங்கம் வேண்டியதில்லை; கடப்பாறையும் மண்வெட்டியும் கயிறும் போதும்.

1906-ஆம் ஆண்டில் பெல்ஜியர்கள் தொடங்கிய பெருநிறுவனம் ஒன்று அறுபது ஆண்டுகள் இத்தாதுக்களை எடுத்தது. 1967-ஆம் ஆண்டில் அது தேசவுடைமையாக்கப்பட்டுப் பிற்காலத்தில் ஜெகாமின் எனப் பெயர் பெற்றது. 1990-களில் அரசியற் குழப்பத்தினால் அரசுச் சுரங்கம் ஏறத்தாழ நின்றுபோக, சம்பளமிழந்த தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் தாமே தோண்டத் தொடங்கினர். போர்க்காலத்தில் அரசாங்கமே அதற்கு இடந்தந்தது. பின்னர் 2002-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் வெளிநாட்டு நிறுவனங்களை வரவேற்றது. தாது வளமிக்க நிலங்கள் அவற்றின் உரிமைக்குட்பட்டன. கையால் தோண்டுவோருக்கெனத் தனி வட்டாரங்கள் ஒதுக்கலாம் எனச் சட்டம் கூறினும், நல்ல தாதுவுள்ள வட்டாரங்கள் மிகச் சிலவே ஒதுக்கப்பட்டன. இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. உரிமையற்ற நிலத்தில் இரவில் புகுவதும், காவலர் துரத்துவதும், முட்டுக்கட்டையற்ற குழி சரிவதும் வழக்கமாயின. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொல்வேசியை அடுத்த ஒரு திறந்த சுரங்கத்தின் படிக்கட்டுச் சரிவு இடிந்து, அத்துமீறித் தோண்டிய நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கசுலோ என்பது கொல்வேசி நகரிலுள்ள ஒரு குடியிருப்பு. 2014-ஆம் ஆண்டில் அங்கு வீடுகளின் அடியிலேயே தாது இருப்பது தெரிய வந்தது. சில மாதங்களில் முற்றங்களிலும் அறைகளுக்குள்ளும் குழிகள் தோன்றின. தாதுத் தூசி படிந்த தரையில் குழந்தைகள் விளையாடினர். லுபும்பாஷிப் பல்கலைக்கழகத்தாரும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து அங்கு ஆராய்ச்சி நடத்தி 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்குடியிருப்பாரின் சிறுநீரிலும் இரத்தத்திலும் கோபால்ட்டின் அளவு பக்கத்துப் பகுதியாரைக் காட்டிலும் மிகுந்திருந்தது. அது குழந்தைகளிடமே மிகுதி எனவும், அவர்களது உயிரணுக்களில் பாதிப்பின் அறிகுறி உண்டு எனவும் அறியப்பட்டது. சுரங்கத்தில் இறங்காத குழந்தையையும் சுரங்கம் தொட்டுவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கூட்டுறவு என்றால் தலைவர்கள் கையெழுத்திடும் உடன்படிக்கையையே நாம் நினைக்கின்றோம். இரண்டு பல்கலைக்கழகத்தார் குப்பிகளுடன் ஒரு தெருவில் வீடுவீடாகச் சென்றதும் கூட்டுறவே. என் கருத்தில் அது பல உடன்படிக்கைகளைவிடப் பெரிது.

தோண்டியவன் மூட்டையை எங்கே கொண்டு செல்கிறான் என்பதும் களப்பணியாளர் அறியத்தக்கது. சாலையோரத்தில் வரிசையாக வாங்கும் கிடங்குகள் உள்ளன. வாங்குபவர் மூட்டையை நிறுத்து, எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி உலோக அளவைக் காட்டும் கைக்கருவி ஒன்றினால் தாதுவின் தரத்தை அளக்கிறார். தராசு அவருடையது, கருவியும் அவருடையதே. தரம் ஒரு பங்கு குறைவாகக் காட்டப்பட்டால் ஒரு நாள் உழைப்பின் கூலி கரைந்துவிடும். தோண்டுவோரின் நீண்டநாள் முறையீடு இதுவே. அக்கிடங்குகளிலேயே பல குழிகளின் தாது ஒன்றாய்க் கலந்துவிடுகின்றது. பிறகு ஆலையில் பெருஞ்சுரங்கத்தின் தாதுவும் அதனுடன் சேரலாம். கந்தக அமிலத்தில் கரைத்து, செம்பைத் தனியே பிரித்து, எஞ்சிய கரைசலிலிருந்து கோபால்ட்டை ஹைட்ராக்சைடு வடிவில் படியச் செய்தபின், அது எவர் கையால் தோண்டப்பட்டது என்பதை எந்த இரசாயனச் சோதனையும் எளிதில் சொல்லாது.

நாடுகள் வகுத்த விதிகள்

தாதுவின் பிறப்பிடத்தைத் தேடும் முயற்சி வைரத்தில் தொடங்கியது. உள்நாட்டுப் போர்களுக்குப் பணமாகப் பயன்பட்ட வைரங்களைத் தடுப்பதற்காக 2000-ஆம் ஆண்டில் தென் ஆப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் கூடிய நாடுகள் ஒரு சான்றிதழ் முறையை வகுத்தன. 2003-ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா அம்முறைக்கு 2008-ஆம் ஆண்டிலும் 2019-ஆம் ஆண்டிலும் தலைமை தாங்கியது. முத்திரையிட்ட பெட்டியும் அரசாங்கச் சான்றும் இன்றி வைரம் எல்லை கடக்கலாகாது என்பது அதன் சாரம். ஆனால் கிளர்ச்சிக் கும்பல் விற்கும் வைரமே அதன் வரையறைக்குள் வரும். தோண்டுவோனின் கூலியோ உயிரோ வாராது.

அடுத்த பாடம் கடுமையானது. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று, காங்கோவிலும் அதன் அண்டை நாடுகளிலும் தோன்றிய வெள்ளீயம், டங்ஸ்டன், டாண்டலம், தங்கம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அவற்றின் பிறப்பிடத்தை விசாரித்து அறிவிக்க வேண்டுமெனக் கூறியது. கோபால்ட் அப்பட்டியலில் இல்லை. சட்டத்தின் நோக்கம் நன்று. ஆயின் விசாரிப்பதைக் காட்டிலும் வாங்காமலிருப்பது எளிது எனப் பல நிறுவனங்கள் முடிவு செய்தன. அதே ஆண்டு செப்டம்பரில் காங்கோ அரசாங்கமும் கிழக்கு மாகாணங்கள் மூன்றில் சுரங்க வேலையை நிறுத்தி, அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் அனுமதித்தது. துப்பாக்கி ஏந்தியவன் வேறு வருவாய் தேடிக்கொண்டான். மண்வெட்டி ஏந்தியவனுக்கு வேறு வருவாய் இல்லை. பொறுப்பு என்னும் சொல் விலகிக்கொள்ளுதல் என்று பொருள்படுமாயின், அதன் சுமை யார் தலையில் விழும் என்பதை அந்த ஆறு மாதங்கள் காட்டின.

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி இதனினும் நுட்பமானது. கனிப்பொருள் வாணிகத்தின் உருவத்தை நம் உடுக்கைக்கு ஒப்பிடலாம். ஒருபுறம் ஆயிரக்கணக்கான குழிகள். மறுபுறம் ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகளும் கடைகளும். நடுவில் குறுகிய இடையாக விளங்குவன உருக்காலைகளும் சுத்திகரிப்பு ஆலைகளும். குழிதோறும் சோதிப்பது இயலாது, கடைதோறும் சோதிப்பதில் பயனில்லை. ஆகவே இடையிலே தணிக்கை செய்க என்பது அவ்வழிகாட்டியின் ஒரு கூறு. மற்றொரு கூறு, தீங்கு கண்டவுடன் ஓடிவிடாமல், கொடுந்தீங்கு அல்லாதவிடத்து வாணிகத்தைத் தொடர்ந்துகொண்டே திருத்த முயல்க என்பது. கையால் தோண்டுவோரைச் சட்டத்திற்குள் கொண்டுவருவதற்கெனத் தனிப் பிற்சேர்க்கையும் உண்டு.

கோபால்ட்டின் உடுக்கையில் அந்த இடை பெரும்பாலும் சீனாவில் உள்ளது. உலகின் கோபால்ட் சுத்திகரிப்பில் மிகப் பெரும்பங்கு அங்குதான் நடைபெறுகின்றது. ஆதலின் சீனா பங்கு கொள்ளாத எந்தக் கூட்டுறவும் இவ்விஷயத்தில் காகிதமளவே. 2015-ஆம் ஆண்டில் சீனாவின் உலோக, கனிப்பொருள் வாணிகச் சங்கம் மேற்சொன்ன வழிகாட்டியை ஒட்டித் தன் உறுப்பினருக்கு விதிகள் வெளியிட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மனித உரிமை அமைப்புகள் கொல்வேசிப் பகுதியில் சிறுவர்கள் தாது சுமப்பதையும் கழுவுவதையும் விவரித்து அறிக்கை வெளியிட்டபின், மின்கலம் செய்யும் நிறுவனங்களும் இதில் கவனம் செலுத்தலாயின.

கொல்வேசிக்கு அருகிலுள்ள முத்தோஷி என்னுமிடத்தில் 2018 முதல் 2020 வரையில் நடந்த சோதனை குறிப்பிடத்தக்கது. சுரங்க உரிமையுடைய நிறுவனமும், தாதுவை வாங்கும் வாணிக நிறுவனமும், ஒரு தொண்டு நிறுவனமும், தோண்டுவோரின் கூட்டுறவுச் சங்கமும் இதில் சேர்ந்தன. நிலத்தைச் சுற்றி வேலி அமைக்கப்பட்டது. மேல்மண்ணை இயந்திரத்தால் அகற்றியதனால், ஆழ்ந்த குழிகள் வேண்டாமல் திறந்த வெளியிலேயே தோண்ட முடிந்தது. தலைக்கவசமும் காலணியும் வழங்கப்பட்டன. வாயிலில் அடையாள அட்டை பார்த்துச் சிறுவரைத் தடுத்தனர். பெண்கள் குழியருகே வந்தால் தாது மறைந்துவிடும் என்பது அப்பகுதியில் பரவிய நம்பிக்கை. இங்கோ அவர்கள் பதிவு பெற்று வேலை செய்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் 2020-ஆம் ஆண்டு அச்சோதனை நின்றது. அது நிறுவனத்தின் நிலத்தில், நிறுவனத்தின் இசைவினால் மட்டுமே நடந்தது. நிலத்தில் தோண்டுவோருக்கு நிலையான உரிமை ஏதும் பிறக்கவில்லை. இருப்பினும் மேல்மண்ணை இயந்திரம் அகற்றித் தந்தால் உயிர்ச்சேதம் பெரிதும் குறையும் என்னும் எளிய தொழில்நுட்ப உண்மை அங்கு நிலைநாட்டப்பட்டது.

சிறுவர் உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களைத் தடை செய்யும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1999-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 2020-இல் அதன் உறுப்பு நாடுகள் அனைத்தாலும் ஏற்கப்பெற்றது. இந்தியா 2017-இல் ஏற்றது. ஆனால் சுரங்கத்தினின்று வெளியேற்றிய சிறுவன் எங்கே போவான்? பள்ளிக் கட்டணம் செலுத்தவே குழிக்கு வந்த சிறுவர் பலர். 2019-ஆம் ஆண்டில் காங்கோ அரசாங்கம் தொடக்கக் கல்விக்குக் கட்டணமில்லை என அறிவித்தது, சுரங்க வாயிலின் காவலைக் காட்டிலும் இதில் நெடிய பயன் தரக்கூடியது. அதனை நிறைவேற்ற வேண்டிய வகுப்பறைகளும் ஆசிரியர் சம்பளமும் இன்னும் போதாமலுள்ளன.

தாது செல்லும் வழி

காங்கோவிலிருந்து கோபால்ட் பெரும்பாலும் ஹைட்ராக்சைடாகவே வெளியேறுகின்றது. அதில் நூற்றுக்கு முப்பது பங்களவே உலோகம். லாரிகள் அதை ஏற்றிச் சாம்பியா நாட்டின் வழியே டார்-எஸ்-சலாம், டர்பன் முதலிய துறைமுகங்களுக்குப் பல நாள் பயணம் செய்கின்றன. மேற்கில் அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்திலிருந்து 1931-ஆம் ஆண்டிலேயே கட்டாங்காவரை இரயில்பாதை இணைக்கப்பட்டது. 1975-இல் தொடங்கிய அங்கோலா உள்நாட்டுப் போர் அதைப் பாழாக்கியது. போர் முடிந்தபின் சீன நிறுவனம் அதனை 2014-க்குள் புதுப்பித்தது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதுதில்லியில் நடைபெற்ற இருபது நாடுகள் மாநாட்டையொட்டி, அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அப்பாதையைச் சாம்பியா வரை நீட்டிக்கும் முயற்சிக்கு ஆதரவு அறிவித்தன. கிழக்கில், 1970-களில் சீனா கட்டித் தந்த 1,860 கிலோமீட்டர் டான்சானியா-சாம்பியா இரயில்பாதையைப் புதுப்பிக்க 2024-ஆம் ஆண்டில் அம்மூன்று நாடுகளும் உடன்பட்டன.

வல்லரசுகள் இரு பக்கமும் இரயில்பாதைக்குப் போட்டியிடுவது ஆப்பிரிக்க நாடுகளுக்கு நன்மையே. பேரம் பேச இடமுண்டு. எனினும் கட்டாங்காவின் பழைய பாதைகள் யாவும் தாதுவைக் கடலுக்கு இறக்கவே போடப்பட்டன. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள் 2009-ஆம் ஆண்டில் ஏற்ற ஆப்பிரிக்கச் சுரங்கக் கொள்கை இதனை மாற்ற விரும்பியது: கனிப்பொருளைச் சார்ந்த தொழில்கள் ஆப்பிரிக்க மண்ணிலேயே வளரவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் காங்கோவும் சாம்பியாவும் மின்கலத்தின் முன்னோடிப் பொருள்களைத் தம் எல்லைப்புறத்தில் செய்வதற்கு ஓர் உடன்படிக்கை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா அதற்கு ஆதரவு தருவதாகக் கையெழுத்திட்டது. இவ்வாலைகளுக்கு இடையறாத மின்சாரம் வேண்டும். சாம்பியாவோ தன் மின்சாரத்திற்குக் காரிபா அணையையே பெரிதும் நம்பியது. 2024-ஆம் ஆண்டின் வறட்சியில் அணை வற்றி, நாள்முழுதும் மின்வெட்டு நிலவியது. மின்சாரமின்றி மின்கலம் செய்வது எங்ஙனம்? 2025 ஜனவரியில் டார்-எஸ்-சலாமில் கூடிய மாநாட்டில், 2030-க்குள் ஆப்பிரிக்காவில் 30 கோடி மக்களுக்கு மின்வசதி தரும் உலக வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் திட்டத்தில் முதலில் சேர்ந்த நாடுகளுள் காங்கோவும் சாம்பியாவும் உண்டு. பொறுப்பான சுரங்கத்தைப் பற்றிய பேச்சும் இத்திட்டமும் தனித்தனி மேசைகளில் நடைபெறுகின்றன. அவை ஒரே மேசையில் நடைபெற வேண்டியவை.

விலையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். செம்பின் வேகமான பெருக்கத்தினால் கோபால்ட் அளவுக்கு மிஞ்சிக் குவிய, 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் விலை பல ஆண்டுகளாக இல்லாத அளவு வீழ்ந்தது. பிப்ரவரியில் காங்கோ ஏற்றுமதியை அறவே நிறுத்திற்று. அக்டோபர் முதல் ஒதுக்கீட்டு முறையில் அனுமதித்தது. 2026-ஆம் ஆண்டிற்கும் 2027-ஆம் ஆண்டிற்கும் ஆண்டொன்றுக்கு 96,600 டன் என்பது வரம்பு. விலை ஏறிற்று. இதற்கிடையே, கோபால்ட்டே இல்லாத இரும்பு-பாஸ்பேட் மின்கலம் மலிவாயிருப்பதனால் 2024-இல் மின்சார வண்டிச் சந்தையின் ஏறத்தாழ பாதியைப் பிடித்துவிட்டது. விலையை உயர்த்துவது வாங்குவோரை அப்பக்கம் தள்ளும். உயர்த்தாவிடின் நாட்டிற்கு வருவாயில்லை. எளிதில் தீராத இக்கட்டு இது.

கழிவும் நீரும்

தாதுவில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே உலோகமெனின், எஞ்சிய தொண்ணூற்றாறு பங்கு எங்கே போகின்றது? மாவாக அரைத்த கல்லும் அமிலமும் கலந்த சேறாக, கரைகட்டிய குளங்களில் அது தேக்கப்படுகின்றது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் சாம்பியாவின் செம்பு வட்டாரத்தில் அத்தகைய கரையொன்று உடைந்தது. அமிலக் கழிவு ஓடையில் இறங்கிக் காஃபுவே ஆற்றில் கலக்க, மீன்கள் மிதந்தன. கிட்வே நகரின் குடிநீர் விநியோகம் நிறுத்தப்பட்டது. அமிலத்தன்மையைத் தணிக்க ஆற்றில் சுண்ணாம்பு கொட்டினர். பிரேசில் நாட்டின் புருமாடின்யோவில் 2019-ஆம் ஆண்டு கரை உடைந்து ஏறத்தாழ 270 பேர் இறந்தபின், ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பும் முதலீட்டாளரும் சுரங்க நிறுவனங்களின் மன்றமும் சேர்ந்து 2020-ஆம் ஆண்டில் இத்தகைய கரைகளுக்கென உலகத் தரவிதி ஒன்றை வெளியிட்டிருந்தனர். அதனை விரும்பி ஏற்ற நிறுவனத்தையே அது கட்டுப்படுத்தும்.

கரையின் நிலையைத் தொலைவிலிருந்து செயற்கைக்கோளும் காட்டும். எனினும் ஆற்றுநீரில் நாள்தோறும் ஒரு தாளை நனைத்து அமிலநிலையைக் குறித்துவைக்கும் ஊர்ப் பள்ளியாசிரியரின் குறிப்பேடு, இழப்பீட்டு வழக்கில் செயற்கைக்கோளுக்குச் சமமான சாட்சியாகும். உடைப்புக்கு முன்னர் நீர் எவ்வாறிருந்தது என்பதற்குச் சான்று இல்லாததே ஏழைகளின் வழக்கை வலுவிழக்கச் செய்வது. நம் நாட்டுச் சுரங்க வட்டாரங்களில் பணியாற்றும் வாசகர்களுக்கும் இது பொருந்தும்.

இந்தியாவின் பங்கு

இந்தியா தனக்கு வேண்டிய கோபால்ட் முழுவதையும் வெளிநாட்டிலிருந்தே பெறுகின்றது. 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட முக்கியக் கனிப்பொருள்கள் முப்பதின் பட்டியலில் அது இடம் பெற்றது. 2025-ஆம் ஆண்டில் சாம்பியா அரசாங்கம் செம்பு, கோபால்ட் ஆய்விற்காக 9,000 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பை இந்தியாவிற்கு ஒதுக்க இசைந்தது. ஆய்வு செய்வோர் நம் நிலவியல் ஆய்வுத் துறையினர்.

அங்கு செல்லும் நம்மவர் கொண்டு செல்லத்தக்க அனுபவமும் உண்டு, கற்றுக்கொள்ளத்தக்கதும் உண்டு. 2015-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தினால் நம் சுரங்க மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் தோன்றின. உரிமைத்தொகையுடன் அதில் பத்து அல்லது முப்பது பங்கு கூடுதலாகப் பெறப்பட்டுப் பாதிக்கப்பட்ட மக்களுக்கெனச் செலவிடப்படுகின்றது. காங்கோவும் 2018-ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, உரிமைத்தொகையில் நூற்றுக்கு 25 பங்கை மாகாணத்திற்கும் 15 பங்கைச் சுரங்கம் அமைந்த உள்ளாட்சிக்கும் 10 பங்கை வருங்காலத் தலைமுறைக்கான நிதிக்கும் ஒதுக்கியது. அதற்குமேல் நிறுவனங்கள் தம் விற்பனையில் ஆயிரத்திற்கு மூன்று பங்கை ஊர் மேம்பாட்டிற்குத் தரவேண்டும். இரு நாட்டிலும் பணம் சேர்வது ஒருவாறு நடைபெறுகின்றது. எந்த ஊருக்கு எது வேண்டும் என முடிவு செய்யும் கூட்டத்தில் அவ்வூரார் எத்தனை பேர் அமர்ந்தனர் என்பதில்தான் இரண்டும் தடுமாறுகின்றன.

ஆய்வு என்பது தோண்டுவதற்கு முன்னர் ஆண்டுகள் பல நீடிக்கும் வேலை. ஓடைமண் மாதிரிகளை எடுத்தல், பாறைகளை வரைபடத்தில் குறித்தல், துளையிட்டு உள்ளகக் கல்லைப் பரிசோதித்தல் என அது மெல்லவே நடக்கும். அம்மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் சாம்பியாவிலேயே அமையுமா, சாம்பிய மாணவர்கள் நம்மவருடன் களத்தில் நடப்பார்களா, ஓடைகளின் இன்றைய நீர்நிலை முதல் துளைக்கு முன்னரே பதிவாகுமா என்பவை இப்போதே முடிவு செய்யத்தக்கவை. சுரங்கம் தொடங்கியபின் இவற்றைக் கேட்பவர்களுக்குக் கிடைத்த விடை கசுலோவில் எழுதப்பட்டுள்ளது.